சூப்பானும் தராசும்

என் மகள் பிறந்த ஆறாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, பாளையங்கோட்டையில் என் அம்மா வீட்டு அடுக்களையில், என் கணவர் சிறிய பாத்திரம் ஒன்றில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதற்குள் ஒரு சூப்பானை, அதாவது பிள்ளைகளுக்கு வெறுமனே சூப்பக் கொடுக்கும் செயற்கைக் காம்பை, போட்டார். ஷார்ஜாவில் இருக்கும் மதினி அனுப்பிய பரிசுப் பெட்டியில் உடுப்புகள், துண்டு, கிலுகிலுப்பை ஆகியவற்றோடு அதுவும் இருந்தது. அறுவைச் சிகிச்சைத் தையலின் வலியோடு நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். பத்து மணிக்குத்தான் பால் கொடுத்திருந்தேன் என்பதால் இது பசி அழுகையாக இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். கொதித்து ஆறிய சூப்பானை முதல் இரண்டு முறை நாவால் வெளியே தள்ளியவள், மூன்றாம் முறை இறுகப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் கண்கள் செருகின, அழுகை நின்றது. நானும் தூங்கிப்போனேன்.

விழித்தபோது மணி நான்கு. பிள்ளை பிறந்த பிறகு அவ்வளவு நீளமாக நான் தூங்கியது அன்றுதான் என்பதால் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அவளுடைய துணியை அவிழ்த்தபோது அந்த நிம்மதி போயிற்று. துணி நனைந்திருக்கவில்லை, செங்கல் தூளைக் கரைத்துத் தெளித்தாற்போல ஒரு சிறு கறை மட்டும் இருந்தது. அன்று காலை ஏழாம் நாள் பரிசோதனைக்குக் கொண்டு போனோம். பிறந்தபோது 2.900 கிலோ இருந்தவள், ஐந்தாம் நாள் வீட்டுக்கு வரும்போது 2.680, அதுவரை கவலைப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் பிறந்த சில நாட்களுக்குள் எடையில் ஏழு முதல் பத்து விழுக்காடு வரை குறைவது இயல்புதான். ஆனால் ஏழாம் நாள் ஏறத் தொடங்கியிருக்க வேண்டிய எடை 2.640 என்று காட்டியது. மருத்துவர் தராசைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நேற்றிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தாள் என்பது. எண்ணிப் பார்த்தேன்; நான்கு முறைக்கு மேல் வரவில்லை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் குறைந்தது ஆறு முறையாவது துணி நனைய வேண்டும். அந்தச் செங்கல் நிறக் கறையும் முதல் இரண்டு மூன்று நாட்களில் வந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை, அதற்குப் பின்னும் வந்தால் பிள்ளைக்குப் பால் போதவில்லை என்று பொருள்.

இரவு சூப்பான் கொடுத்ததைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. பிறந்த எடையைத் திரும்பத் தொட்டு, அதைத் தாண்டி ஏறும் வரை அதை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், பிறகு வேண்டுமா வேண்டாமா என்று பேசலாம் என்று மட்டும் சொன்னார். இந்தப் பதிவை நான் எழுதுவதற்குக் காரணமே அந்த ஒரு வாக்கியம்தான். சூப்பான் நல்லதா கெட்டதா என்று வீட்டிலும் வெளியிலும் எத்தனையோ பேர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள்; எந்த நாள் முதல், எந்த எடைக்குப் பிறகு என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இதையும் நிப்பிள் என்றே சொல்கிறார்கள். மருந்துக் கடையில் நிப்பிள் என்று கேட்டால் பால் புட்டியில் மாட்டும் காம்பை எடுத்துத் தருவார்கள். பாசிஃபையர் என்று கேட்டால்தான் இது வரும். இலங்கைத் தமிழர்கள் சூப்பி என்கிறார்கள். பெயர்க் குழப்பத்தால் ஆபத்தும் உண்டு: புட்டிக் காம்புக்குள் பஞ்சை அடைத்துப் பிள்ளையின் வாயில் வைக்கும் பழக்கத்தை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பஞ்சும் காம்பும் பிரிந்து தொண்டைக்குள் போகக்கூடியவை என்பதால் அதை யாரும் ஒருநாளும் செய்யக் கூடாது.

அந்த ஆறாம் நாள் இரவில் என்ன நடந்தது என்பதைப் பின்னர் நிதானமாக யோசித்துப் புரிந்துகொண்டேன். பிறந்த பிள்ளை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்க வேண்டும். அந்த நேரங்கள் கடிகாரக் கணக்கில் ஒரே சீராக வருவதில்லை. மாலையிலும் முன்னிரவிலும் அரை மணிக்கு ஒரு முறை கூடக் கேட்கும். தலையைத் திருப்பி வாயால் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டு போவது, உதட்டைச் சப்புக்கொட்டுவது ஆகியவைதான் பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசியில் வருவது. வாயில் சூப்பான் இருக்கும்போது முதல் மூன்றும் வெளியே தெரிவதில்லை. வலுவான பிள்ளையாக இருந்தால் சற்று நேரத்தில் ஏமாற்றத்தை உணர்ந்து சூப்பானைத் துப்பிவிட்டு வீறிட்டு அழும். என் மகளைப் போல எடை குறைந்து, சற்று மஞ்சள் பாய்ந்து, குடிக்கும்போதே சோர்ந்து தூங்கிவிடும் பிள்ளையோ இருக்கும் கொஞ்ச வலுவையும் சூப்புவதில் செலவழித்துவிட்டுத் தூங்கிவிடுகிறது. தூங்குகிற பிள்ளையைப் பார்க்கிறவர்களுக்கு அது வயிறு நிறைந்த தூக்கமாகவே தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

தாயின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். முதல் சில வாரங்களில் எவ்வளவு அடிக்கடி மார்பு காலியாகிறதோ அதைப் பொறுத்தே உடல் சுரப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. அதிலும் பாலைச் சுரக்கச் செய்யும் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். நான் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை பால் கொடுக்காமல் இருந்த அந்த ஆறு மணி நேரத்தில், பிள்ளை பட்டினி கிடந்தது ஒரு பக்கம் என்றால், இவ்வளவு போதும் என்று என் உடலுக்கு நானே சொல்லிக்கொடுத்தது இன்னொரு பக்கம்.

அன்றே மருத்துவமனையில் பாலூட்டுதலுக்குப் பயிற்சி கொடுக்கும் செவிலியர் ஒருவர் என் அருகில் அமர்ந்து பிள்ளை குடிக்கும் விதத்தைப் பார்த்தார். காம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும், கீழுதடு வெளிப்பக்கமாக மடிந்திருக்க வேண்டும், முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும் என்று அவர் என் கையைப் பிடித்துத் திருத்திக் காட்டினார். தையல் வலிக்கு ஏற்றபடி பிள்ளையைக் கக்கத்துப் பக்கமாக இடுக்கி வைத்துக் கொடுக்கும் முறையையும் சொல்லித் தந்தார். அது பிடிபட்டதும் "களுக்" என்று விழுங்கும் ஓசை எனக்கு முதன்முறையாகக் கேட்டது. அதுவரை அவள் சூப்பிக்கொண்டிருந்தாளே தவிரக் குடித்திருக்கவில்லை.

அடுத்த எட்டு நாட்களை என் வாழ்நாளில் மறக்க முடியாது. இரண்டு மணிக்கு ஒரு முறை கைப்பேசியில் மணி வைத்து எழுந்தோம். உள்ளங்காலைத் தட்டி, ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்து, உடுப்பைக் கழற்றி என் மார்போடு தோல் படக் கிடத்தி எழுப்பினோம். என் கணவர் ஒரு பழைய டைரியில் எந்நேரம் குடித்தாள், எந்நேரம் துணி நனைந்தது என்று கோடு போட்டு எழுதினார். பதினோராம் நாள் 2.760. பதினைந்தாம் நாள் 2.910. தராசின் எண்ணைப் பார்த்து நான் அழுதேன், அம்மாவும் அழுதார்.

சூப்பான் பெட்டிக்குள் போய்விட்டதே தவிர, வீட்டில் அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. என் ஆச்சி அதை முதல் நாளே வெறுத்தார். "ஏட்டி, வெறும் ரப்பரக் குடுத்துப் பிள்ளைய ஏமாத்தாத" என்று அவர் சொன்னதை அப்போது பழங்காலத்துப் பேச்சு என்று ஒதுக்கியதற்காக இன்றும் வருந்துகிறேன். ஆனால் அதே ஆச்சிதான் பிள்ளை பிறந்த அன்று சேனை வைக்கத் தேனோடு வந்தவர்; பிறகு, கொடுப்பதாக இருந்தால் அந்த ரப்பரில் ஒரு சொட்டுத் தேனைத் தடவியாவது கொடுக்கலாமே என்றும் கேட்டார். அவரிடம் மென்மையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் மறுத்தோம். தேனில் க்ளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. ஒரு வயது நிறையாத பிள்ளையின் குடலில் முளைத்து, நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நான்கு குழந்தைகள் இந்த நோயோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நால்வருக்கும் தேன் நிரப்பிய சூப்பான்கள் கொடுக்கப்பட்டிருந்தன. தேன் மட்டுமன்றிச் சர்க்கரைத் தண்ணீர், கற்கண்டுப் பொடி, கிரைப் வாட்டர் என எதையும் சூப்பானில் தடவக் கூடாது.

ஆச்சிக்கு மறுப்புச் சொன்னது போலவே எங்களுக்கும் நாங்கள் ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குச் சூப்பும் தேவை உண்டு என்பதை நம் வீடுகள் எப்போதோ கண்டுகொண்டிருக்கின்றன. வசம்பைக் கோத்து மணிக்கட்டில் கட்டும் வளையலைப் பிள்ளை வாயில் வைத்துச் சப்புவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கருவில் இருக்கும்போதே விரல் சூப்பத் தொடங்கும் உயிர்களுக்கு, பசி ஆறிய பின்னும் வாய்க்கு ஏதாவது வேண்டியிருப்பதில் வியப்பில்லை. ஆகவே, சூப்ப ஆசைப்படுவதே தவறு என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. பால் குடிக்க வேண்டிய வேளையை அந்த ஆசை தின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஆறாம் வாரத்தில் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் திரும்பி வந்தது. அதற்குள் என் கணவர் கோயம்புத்தூரில் வேலைக்குத் திரும்பியிருந்தார். வார இறுதியில் மட்டும் வருவார். மகள் நன்றாகக் குடித்தாள், நன்றாக நனைத்தாள், எடையும் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் தினமும் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் அழுகை ஒன்பது மணி வரை நீண்டது. பால் கொடுத்தாலும் அழுதாள், கொடுக்காவிட்டாலும் அழுதாள். மார்பில் வைத்தால் நான்கு வாய் குடித்து, பால் வேகமாகப் பாய்வதால் எரிச்சலுற்று, உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினாள். அவளுக்கு வேண்டியிருந்தது பால் வராத ஒரு காம்பு என்பதை என்னால் உணர முடிந்தது. இந்த அந்தி அழுகை நோயல்ல என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசல்டன் 1962-இலேயே பதிவு செய்திருக்கிறார். நலமாக இருந்த 80 குழந்தைகளின் தாய்மார்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லி அவர் கணக்கெடுத்ததில், அழுகை ஆறாம் வார வாக்கில் உச்சத்தைத் தொட்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரமாக இருந்தது. பிறகு குறைந்துகொண்டே போயிற்று. அந்த எண்ணைப் படித்த இரவில், என்னிடமோ பிள்ளையிடமோ குறையில்லை என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது எடை 3.850. பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போட அனுமதித்தார்கள்; ஒரு வீறிடலுக்குப் பிறகு மீண்டும் மார்பைப் பற்றிக்கொண்டாள். அங்கேயே மருத்துவரிடம் அந்தப் பழைய பேச்சைத் தொடர்ந்தேன். இப்போது கொடுக்கலாமா? கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், இரண்டிலும் தவறில்லை என்றார். அந்த விடை அப்போது எனக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்து, அழுகைக்கும் தூக்கத்துக்கும் இடையில் கிடைத்த பொழுதுகளில், ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

படிக்கப் படிக்க, இரண்டு பெரிய அமைப்புகள் எதிரெதிராகச் சொல்வதாகவே முதலில் தோன்றியது. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் வெளியிட்ட, தாய்ப்பாலூட்டலுக்கான பத்துப் படிகளில் ஒன்பதாவது, பால் குடிக்கும் குழந்தைகளுக்குச் செயற்கைக் காம்போ சூப்பானோ கொடுக்கக் கூடாது என்று திட்டவட்டமாகத் தடுத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமோ 2005 முதல், தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தவிர்க்க, குழந்தையைத் தூங்க வைக்கும்போது சூப்பான் கொடுக்கலாம் என்று பெற்றோருக்குச் சொல்லிவருகிறது. முன்னது வயிற்றைப் பார்க்கிறது, பின்னது மூச்சைப் பார்க்கிறது. நெருங்கிப் படித்தபோது இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதைக் கண்டேன். அமெரிக்கர்களின் அறிவுரையிலேயே, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பாலூட்டுதல் நிலைபெறும் வரை சூப்பானைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் 2018-இல் அந்த ஒன்பதாம் படியை மாற்றி எழுதி, புட்டி, காம்பு, சூப்பான் ஆகியவற்றின் பயன்பாட்டையும் ஆபத்தையும் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லி ஆலோசனை வழங்குங்கள் என்று ஆக்கிவிட்டது.

அந்த மாற்றத்துக்குப் பின்னால் உள்ள ஆய்வுகளில் இரண்டு என் மனத்தில் தங்கிவிட்டன. ஒன்று கனடாவின் மான்ட்ரியலில் 281 தாய்மார்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2001-இல் வெளியானது. சூப்பான் கொடுத்த வீடுகளில் பிள்ளைகள் தாய்ப்பாலைச் சீக்கிரமே விட்டுவிடுவதாக அதுவரை பல கணக்கெடுப்புகள் காட்டியிருந்தன. இந்த ஆய்வில், குலுக்கல் முறையில் ஒரு பாதியினருக்குச் சூப்பானைத் தவிர்க்கும்படி சொல்லிக்கொடுத்துப் பார்த்தபோது, மூன்று மாதத்தில் தாய்ப்பாலை விட்டவர்களின் விழுக்காட்டில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் குலுக்கலைக் கணக்கில் கொள்ளாமல் யார் சூப்பான் கொடுத்தார்கள் என்று மட்டும் பார்த்தபோது பழைய தொடர்பு மீண்டும் தெரிந்தது. பாலூட்டுவதில் தாய் தவிக்கிறாள் என்பதைக் காட்டும் அடையாளமாகவே பல வீடுகளில் சூப்பான் வந்து சேர்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். என் ஆறாம் நாள் இரவு அப்படிப்பட்டதுதான். சூப்பான் வருவதற்கு முன்பே என் பிள்ளை சரியாகக் குடிக்கவில்லை. அதை நான் அறியாமல் இருந்தேன், சூப்பான் இன்னும் சில மணி நேரம் அறிய விடாமல் செய்தது.

இரண்டாவது அர்ஜென்டினாவில் நடந்து 2009-இல் வெளியானது. 1,021 தாய்மார்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், சூப்பான் கொடுக்கச் சொன்ன பிரிவிலும் கொடுக்க வேண்டாம் என்று சொன்ன பிரிவிலும் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பாலை மட்டுமே குடித்த குழந்தைகள் ஏறத்தாழ 86 விழுக்காடு. சூப்பானால் தாய்ப்பால் குறையாது என்று சொல்கிறவர்கள் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் இந்த ஆய்வைத்தான். ஆனால் அதில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாலூட்டுவதில் உறுதியாக இருந்த தாய்மார்கள். பதினைந்து நாட்களுக்குள் பிறந்த எடையை மீட்டுவிட்ட குழந்தைகள். அதாவது, எங்கள் மருத்துவர் வைத்த அதே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களை மட்டுமே அந்த ஆய்வு பார்த்தது. ஆறாம் நாளில் இருந்த என் மகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆறாம் வாரத்தில் இருந்த என் மகளைப் பற்றி நிறையவே சொன்னது. "ஆய்வு சொல்கிறது" என்று பிறந்த இரண்டாம் நாளே சூப்பானை எடுக்கும் பெற்றோர்களிடம் இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணத்தைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது; ஆனாலும் எழுதாமல் விட முடியாது. நலமாக இருந்த பிள்ளை காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோவது, ஒரு வயதுக்குள், அதிலும் இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் மிகுதியாக நேர்கிறது. தூங்கும்போது சூப்பான் வைத்திருந்த குழந்தைகளிடம் இது குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. அவற்றைத் தொகுத்து 2005-இல் வெளியான கட்டுரை, 2,733 குழந்தைகளுக்குத் தூங்கும்போது சூப்பான் கொடுத்தால் ஒரு மரணத்தைத் தடுக்கலாம் என்று கணித்தது. ஏன் அப்படி என்பது இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. தூங்கிய பின் சூப்பான் வாயிலிருந்து விழுந்துவிட்டாலும் பலன் இருப்பதாகவே தெரிவதால், மீண்டும் வாயில் திணிக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். ஆனாலும், மல்லாக்கப் படுக்க வைப்பது, அழுந்தாத படுக்கை, முகத்தருகே துணியும் தலையணையும் இல்லாமை, வீட்டில் புகையிலைப் புகை இல்லாமை ஆகியவற்றைச் செய்யாமல் சூப்பானை மட்டும் நம்புவதில் பொருளில்லை என்பது என் உறுதியான எண்ணம். தலை உருண்டையாக அமைய வேண்டும் என்று கடுகு நிரப்பிய தலையணையை எங்கள் வீட்டில் தைத்து வைத்திருந்தார்கள். அதை எடுத்து உள்ளே வைத்ததுதான் நாங்கள் சூப்பானைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்பே செய்த காரியம். தாய்ப்பாலும் இந்த மரணத்திலிருந்து காப்பதால், சூப்பானுக்காகப் பாலைக் குறைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

ஏழாம் வாரத்தின் தொடக்கத்தில், சனிக்கிழமை என் கணவர் வந்திருந்தபோது, பேசி முடிவெடுத்தோம். கொடுப்பது, ஆனால் தூங்க வைக்கும்போது மட்டும், அதுவும் பால் கொடுத்து முடித்த பிறகு மட்டும். அழுதால் முதலில் மார்பு, பிறகு துணி, பிறகு தோளில் போட்டு நடை, பிறகு தூளியும் அம்மாவின் தாலாட்டும்; அவையெல்லாம் முடிந்த பிறகுதான் சூப்பான். துப்பினால் வற்புறுத்துவதில்லை. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் யாரும் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்தேன், ஏனென்றால் பசி அறிகுறியை அப்போதெல்லாம் என்னைத் தவிர வேறு யாரும் அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. பழைய டைரியில் துணி நனைந்த கணக்கை எழுதுவதை மட்டும் இன்னும் ஒரு மாதத்துக்கு நிறுத்தவில்லை.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் சிலவற்றைக் கற்றுக்கொண்டோம். காம்பும் வட்டத்தகடும் இணைப்பில்லாமல் ஒரே வார்ப்பாக இருக்கும் சிலிக்கான் சூப்பானே நல்லது. தனித்தனியாக இணைத்தவை பிரிந்து தொண்டையை அடைக்கக்கூடும். தகடு ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத அகலத்தோடும் காற்றுத் துளைகளோடும் இருக்க வேண்டும். அதை நாடாவால் கழுத்தில் கட்டவோ உடுப்பில் ஊசியால் குத்தவோ கூடாது, தூங்கும்போது எவ்வகைக் கயிறும் கூடாது. கருப்புக் கயிறும் அரைஞாணும் கட்டும் நம் வீடுகளில் இதையும் ஒரு கயிற்றில் கோத்துவிட யாருக்காவது தோன்றும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் முறை ஐந்து நிமிடம் கொதிக்க வைப்பதோடு நில்லாமல், ஆறு மாதம் வரை அடிக்கடி கொதிக்க வைத்தோம். தரையில் விழுந்ததைப் பெரியவர்கள் தம் வாயில் வைத்துத் துடைத்துக் கொடுக்கும் வழக்கத்தையும் தடுத்தோம். வாரம் ஒரு முறை காம்பைப் பகலொளியில் இழுத்துப் பார்ப்பேன். மூன்றாம் மாதம் ஒரு மயிரிழைக் கீறல் தெரிந்தது. அன்றே தூக்கி எறிந்தேன்.

அந்தி அழுகை அதனால் நின்றதா என்று கேட்டால், முழுவதும் நிற்கவில்லை என்றே சொல்வேன். சில மாலைகளில் இரண்டு நிமிடத்தில் அடங்கினாள். சில மாலைகளில் அதை எச்சிலோடு துப்பிவிட்டு என் தோளிலேயே அழுது தீர்த்தாள். பன்னிரண்டாம் வாரத்தில் அழுகை தானாகவே குறைந்தது. பகல் தூக்கத்துக்கு மட்டும் அது ஒரு துணையாக நின்றது. இரவில் படுத்தபடியே பால் கொடுத்ததால் பல நாள் அது தேவைப்படவே இல்லை.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், என் அனுபவத்தைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒருங்கிணைக்கும் திறன் கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 34-ஆம் வாரத்தில்தான் கூடிவருகிறது. குழாய் வழியே பால் பெறும் அந்தப் பிள்ளைகளுக்கு, சூப்பானைச் சூப்புவதே வாய்வழி குடிப்பதற்குப் பயிற்சியாகி, மருத்துவமனையில் இருக்கும் நாட்களையும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கே அது மருத்துவர் கையில் இருக்கும் ஒரு கருவி.

எப்போது நிறுத்துவது என்பதையும் கொடுக்கத் தொடங்கிய நாளிலேயே பேசி வைத்தோம். பின்லாந்தில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், ஆறு மாதத்துக்குப் பிறகு சூப்பானைத் தூங்கப்போகும் நேரத்துக்கு மட்டும் சுருக்கிக்கொள்ளும்படி பெற்றோருக்கு எடுத்துச்சொன்ன பகுதிகளில், நடுக்காது அழற்சி 29 விழுக்காடு குறைந்திருந்தது. பற்களைப் பற்றிய கவலை அதற்குப் பிறகு வருவது. இரண்டு மூன்று வயதைத் தாண்டியும் தொடர்ந்தால்தான் மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே இடைவெளி விழுவதும் மேல்தாடை குறுகுவதும் நேர்கின்றன. விரல் சூப்பினாலும் அதே கேடுதான், வேப்பெண்ணெய் தடவி விரலைக் கசக்கச் செய்தாலும் விரல் பிள்ளையோடுதான் இருக்கும், சூப்பானை மட்டும் நாம் எடுத்து வைத்துவிட முடியும். என் இருபத்தாறு வார விடுப்பு முடியும் நாளையே எல்லையாக வைத்துக்கொண்டோம்.

கடைசி வாரத்தில் முதல் நாள் பகல் தூக்கத்துக்கு அரை மணி நேரம் அழுதாள், இரண்டாம் நாள் பத்து நிமிடம், மூன்றாம் நாள் சற்றே சிணுங்கிவிட்டுத் தூங்கினாள். ஏழு மாதம் நிறைந்த இப்போது, பகலில் தூளியில் கிடக்கும்போது அவள் கை தேடுவது ஆச்சியின் நூல்சேலை முந்தானையை. ஆச்சி தூளிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, முந்தானையின் ஒரு முனையை அவள் விரல்களுக்குள் விட்டு ஆட்டுகிறார்; அவள் தூங்கியதும், துணி முகத்தில் விழுந்துவிடாதபடி, விரல் விரலாக அதை விடுவித்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்.